பழைய டிரக்கைத் தின்னும் மின்சாரம்

1947 கோடையில் செவ்ரோலெ நிறுவனம் ‘அட்வான்ஸ் டிசைன்’ என்ற பெயரில் ஒரு டிரக் வரிசையை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1955 தொடக்கம்வரை தயாரான அந்த வரிசையில், அரை டன் வகையான 3100 பிக்கப்பை வீட்டுக் கொட்டகையில் வைத்துப் புதுப்பிக்கிறவர்கள் இன்றும் அங்கே ஏராளம். உருண்டு திரண்ட முகப்பு, மரப்பலகை பதித்த சரக்குத் தளம், மூன்றரை லிட்டர் கொள்ளளவில் ஆறு சிலிண்டர், 90 குதிரைத்திறன். வண்டியில் கழற்ற முடியாத மர்மம் எதுவும் இல்லை. பெரும்பாலான பாகங்கள் சாதாரண ஸ்பேனர்களுக்கே வழிவிடும். இந்தப் பொழுதுபோக்கு என்றதும் பானெட்டைத் திறந்து வைத்து, முழங்கை வரை கிரீஸோடு எஞ்சினுக்குள் குனிந்திருக்கும் ஓர் ஆள்தான் நம் மனக்கண்ணில் வருவார். எஞ்சின் உறுமிவிட்டால் வண்டி பிழைத்துக்கொண்டது என்றும் நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பு பிழையானது. ஒரு பழைய டிரக் மீளுமா என்பதை முடிவு செய்வது எஞ்சின் இல்லை. எழுபது ஆண்டுகளாக அதன் தகட்டு மடிப்புகளில் தண்ணீர் எங்கே தங்கியது என்பதே முடிவு செய்கிறது. ஆகவே புதுப்பிக்கும் வேலையும் எஞ்சினிலோ பெயின்டிலோ தொடங்காமல், அந்தத் தண்ணீரின் தடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எஞ்சினை இப்படிப் பின்னுக்குத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. எஞ்சினின் உள்ளுறுப்புகள் ஆயுள் முழுக்க எண்ணெயில் ஊறிக் கிடப்பவை. அவற்றின் பெரும்பகை தேய்மானம். தேய்மானமோ வண்டி ஓடும்போது மட்டும் நடப்பது. தேய்ந்ததை மைக்ரோமீட்டரால் அளக்கலாம், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கலாம், அதற்கேற்ற பிஸ்டனைப் போடலாம். 3100-இன் பழைய எஞ்சினில் ஒரு சிக்கல் உண்டு என்பது உண்மைதான்: கனெக்டிங் ராடின் பேரிங்குகள் கழற்றி மாட்டும் வகை அல்ல, பாபிட் என்ற மென்கலவையை உருக்கி ஊற்றிக் கடைந்தவை. அந்தக் கைவேலை தெரிந்த பட்டறைகள் குறைந்துவிட்டதால் பலர் அதே குடும்பத்தின் பிந்தைய எஞ்சினை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். மாட்ட முடிகிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்கச் சாலைகளில் 1996-இல் தடைசெய்யப்பட்டதே, வால்வு உட்காரும் இடம் தேய்ந்துவிடாதா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தத் தேய்மானம் நெடுநேரம் அதிவேகத்தில், பாரத்தோடு ஓடினால் வருவது. ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கும் வண்டிக்கு அது பெரிய கவலை இல்லை. துருவின் கணக்கே வேறு. வண்டி நின்றுவிட்டால் தேய்மானம் நின்றுவிடும், துரு நிற்காது. பல வண்டிகளுக்கு நிறுத்திவைத்த பிறகுதான் அது வேகமே எடுக்கிறது.

துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் பொருள் என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதிக் கதை. மீதிப் பாதி மின்சாரம். ஈரமான இரும்புப் பரப்பின் ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகத் தண்ணீரில் கரைகிறது. விடப்பட்ட எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்குப் போய், அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்குகின்றன. முதல் இடம் ஆனோடு, இரண்டாவது கேத்தோடு. இடையில் இருக்கும் ஈரம் சுற்றை முடித்துவைக்கிறது. மின்கலம் ஒன்றில் என்னென்ன உண்டோ அத்தனையும் இங்கே இருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உலிக் எவான்ஸ் இதை ஒரே ஒரு உப்புநீர்த் துளியைக் கொண்டு காட்டினார். மெருகேற்றிய இரும்பின்மேல் வைத்த அந்தத் துளியில், இரும்பு அயனி இருந்தால் நீலமும் காரம் உண்டானால் இளஞ்சிவப்பும் காட்டும் நிறங்காட்டிகள் கலந்திருக்கும். சற்று நேரத்தில் துளியின் நடுவில் நீலம் தோன்றும், விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு தோன்றும், இரண்டுக்கும் நடுவே பழுப்பு வளையமாகத் துரு படியும். துளியின் விளிம்பு மெல்லியது, காற்று எளிதில் உள்ளே போகிறது. நடுப்பகுதி ஆழமானது, ஆக்சிஜன் போய்ச் சேர நேரமாகிறது. ஆக்சிஜன் நிறையக் கிடைக்கும் விளிம்பு கேத்தோடு ஆகிறது. கிடைக்காத நடுப்பகுதி ஆனோடு ஆகி அரிக்கப்படுகிறது.

இதில் நம் பொதுப்புத்திக்கு எதிரான விஷயம் ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் எங்கே அதிகமோ அங்கேதான் இரும்பு கெட வேண்டும் என்று எண்ணுவோம். நடப்பது தலைகீழ்: ஆக்சிஜன் குறைந்த மறைவிடம்தான் கரைகிறது. துரு படிகிற இடமும் இரும்பு கரைகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதுகூட இல்லை. இந்த ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு 3100-ஐச் சுற்றி வந்தால், அது எங்கெங்கே கெட்டிருக்கும் என்று தொடாமலே சொல்லிவிடலாம். கேபினின் பின்பக்கக் கீழ்மூலைகள், கதவுக்கு அடியில் படியை ஒட்டி ஓடும் பெட்டித் தகடு, முன் மட்கார்டின் கீழ்விளிம்பு, ஓட்டுநரின் பாதம் படும் தளம், கேபின் சேஸிஸின்மேல் உட்காரும் இடங்கள். எல்லாமே இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் புள்ளிப் புள்ளியாக வெல்டிங் செய்த இடங்கள், அல்லது சேறு போய் அடையும் பொந்துகள். இரு தகடுகளுக்கு நடுவே நுண்ணிடுக்கு. அதில் தந்துகி விசையால் ஏறி நிற்கும் நீர். எளிதில் காய வழியில்லை. இடுக்கின் வாய் கேத்தோடு, அடிப்பகுதி ஆனோடு. எவான்ஸின் துளிதான் தகட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அந்த நீரின் மின்கடத்தலை உயர்த்துவதோடு, குளோரைடு அயனிகளால் இரும்பின் மெல்லிய காப்புப் படலத்தையும் உடைக்கிறது. மிஷிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களின் டிரக்குகள் இற்றுப்போய்க் கிடக்க, அரிசோனாப் பாலைவனத்தின் டிரக்குகள் பெயின்ட் வெளுத்தும் தகடு முழுசாகவும் கிடைப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அந்தக் காலத் தொழிற்சாலைகளும் இதற்குத் துணைபோயின. இன்றைய வண்டியின் உடற்கூடு முழுவதையும் பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி, மடிப்புக்குள்ளும் பூச்சு ஏறும்படி செய்கிறார்கள். ஃபோர்டு நிறுவனம் 1960-களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை அது. துத்தநாகம் பூசிய தகடுகள் பரவலானது அதற்கும் பிறகு. 1950-இன் டிரக்குக்கு வெளியே தெரியும் பக்கத்தில்தான் நல்ல பெயின்ட். மடிப்பின் உட்புறம் ஏறத்தாழ அம்மணமான இரும்பு. ஆகவே ஓட்டை உள்ளே தொடங்கி வெளியே வருகிறது. துருவின் கனஅளவு அது தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்குவரை இருக்கும் என்பதால், அது இரு தகடுகளையும் நெம்பிப் பிரித்து இடுக்கை இன்னும் அகலமாக்குகிறது. வெளிப்பெயின்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை பெரும்பாலும் முடிந்திருக்கும். இந்த நிலையில் கொப்புளத்தைச் சுரண்டி, பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்துப் பளபளவென்று பெயின்ட் அடிப்பது புண்ணின்மேல் சந்தனம் பூசுகிற வேலை. பட்டி ஈரத்தை அடைத்து வைக்கும். ஆக்சிஜன் இன்னும் குறையும். ஆனோடுக்கு அதைவிட வசதியான வீடு கிடைக்காது. விற்பனைக்கு வரும் ‘புதுப்பித்த’ டிரக்குகளில் இப்படிப்பட்டவை உண்டு. சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, கேபினின் கீழ்மூலையில் ஒட்டிப் பார்த்தால் பட்டியின் தடிமன் தெரிந்துபோகும்.

‘அந்தக் காலத்து இரும்பு கெட்டியானது, இப்போது வருவதெல்லாம் தகரம்’ என்ற பேச்சு அமெரிக்காவிலும் உண்டு, நம் ஊர் டிங்கர் பட்டறைகளிலும் உண்டு. தடிமன் அதிகம் என்பது சரி. ஒரு மில்லிமீட்டரையும் அதற்கு மேலும் தொடும் தகடு, ஓட்டையாகக் கூடுதல் காலம் எடுக்கும். ஆனால் வேதியியல்படி அது சாதாரண மென்னெஃகுதான். துருவை எதிர்க்கும் தனிக்குணம் எதுவும் அதற்கு இல்லை. இன்று நம் கண்ணில் படும் பழைய டிரக்குகள் தப்பிப் பிழைத்தவை. தப்பாதவை என்றோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. மிஞ்சியவற்றை மட்டும் பார்த்து எல்லாமே உறுதியாக இருந்தன என்று முடிவுகட்டுவது தப்புக்கணக்கு. தில்லி இரும்புத் தூணைக் காட்டி மறுப்பவர்களுக்கும் பதில் உண்டு. ஏறத்தாழ 1,600 ஆண்டு பழமையான அந்தத் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அது மேற்பரப்பில் அடர்த்தியான காப்புப் படலம் உருவாக உதவியது என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து விளக்கினார். 1930-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘கார்ட்டென்’ எஃகும் செம்பு, குரோமியம் முதலியவற்றின் துணையால் இறுகிய துருவைப் போர்த்திக்கொள்வது. டிரக் தகட்டின் துரு அப்படி இறுகாது. பொருபொருவென்று, ஈரத்தைப் பஞ்சாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பழைய தோற்றம் அழகு என்று துருவை அப்படியே விட்டு வார்னிஷ் அடிப்பது இப்போது ஒரு மோஸ்தர். வெளிப்பரப்பில் மேலோட்டமான கறைக்கு அது போதும். மடிப்பில் இருக்கும் துருவுக்கு அது அனுமதிச் சீட்டு.

இனி வீட்டில் என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம். மின்சாரம் தின்பதை மின்சாரத்தாலேயே தடுக்கலாம். கழற்றிய பாகத்தைச் சலவைச் சோடா கரைத்த நீரில் முக்கி, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதில் இணைத்து, நேர்முனையில் வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இப்போது பாகம் முழுவதும் கேத்தோடு ஆகிவிடுகிறது. அதிலிருந்து இரும்பு கரைய வழியில்லை. துருவில் ஒரு பகுதி கறுப்பு மேக்னடைட்டாக மாறுகிறது. கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் மீதியை நெகிழ்த்திவிடுகின்றன. வெளியே எடுத்துத் தூரிகையால் தேய்த்தால் உதிர்கிறது. நல்ல உலோகம் துளியும் குறையாது, போன உலோகம் திரும்பியும் வராது. அருங்காட்சியகங்களும் இதே அறிவியலைத்தான் நம்புகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது மூழ்கி, 2002-இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட ‘மானிட்டர்’ கப்பலின் பீரங்கிக் கோபுரம் நியூபோர்ட் நியூஸ் நகரில் காரக்கரைசலில் ஊறவைக்கப்பட்டுப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெறுகிறது. அங்கே முதல் வேலை துருவை அகற்றுவதைவிட, உலோகத்துக்குள் புகுந்த குளோரைடை வெளியே இழுப்பது. டிரக் புதுப்பிப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமும் அதுதான். உப்பு உள்ளே இருக்க மேலே பெயின்ட் அடித்தால் துரு திரும்ப வரும். நல்ல நீரில் பலமுறை கழுவி உடனே உலர்த்துவது பெயின்டைவிட முக்கியம்.

இந்தத் தொட்டி வேலையில் நான்கு ஆபத்துகள் உண்டு. நான்கும் வேதியியலிலிருந்தே வருபவை. ஹைட்ரஜன் வெடிக்கும், ஆகவே திறந்தவெளி வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் துண்டைப் போட்டால் அதன் குரோமியம் நஞ்சான ஆறிணைத்திறன் வடிவில் கரைசலில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் கிளம்பும், துருவுக்கு வேண்டிய குளோரைடையும் நாமே ஊட்டியதாகிவிடும். ஸ்பிரிங், உயர்வலிமை போல்ட் போன்றவற்றை இந்தத் தொட்டியில் போடவே கூடாது, ஏனென்றால் கடின எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். கேபினைப் போலத் தொட்டியில் அடங்காதவற்றுக்குத் துருமாற்றி திரவங்கள் இருக்கின்றன. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக்கும். டானின் அதைக் கருநீல இரும்பு டானேட்டாக்கும். டானின் நமக்கு அந்நியமானது அல்ல. கடுக்காயில் நிறைந்திருப்பது அதுவே. கடுக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்து மை ஆகும் அதே வினைதான் துருவின்மேலும் நடக்கிறது. ஆனால் திரவம் எட்டுகிற ஆழம்வரைதான் அது வேலை செய்யும். அடைந்த மடிப்பின் அடிக்கு அது போகாது.

போகாத இடத்துக்கு வெட்டுதான் மருந்து. இற்ற மூலையை நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டியெடுத்துப் புதுத்தகடு ஒட்டவைப்பதில் பழைய டிரக்குக்கு உண்மையான அனுகூலம் ஒன்று உண்டு. கரிமம் குறைந்த மென்னெஃகு வெல்டிங்குக்கு எளிதில் வசப்படும்; சூடுபட்டு ஆறிய பிறகும் அதன் குணம் பெரிதாக மாறாது. இன்றைய வண்டிகளின் கதவுத்தூணில் இருக்கும் போரான் எஃகு 1,500 மெகாபாஸ்கல் அளவுக்கு வலிமை கொண்டது, மென்னெஃகைப்போல நான்கு மடங்குக்கும் குறையாது. அந்த வலிமை தொழிற்சாலையில் சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்ததால் வந்தது. கொட்டகையில் வெல்டிங் சூடு பட்டால் அவ்விடத்தில் போய்விடும். 2015 முதல் ஃபோர்டு எஃப்-150-இன் உடற்கூடு அலுமினியம். அதற்கு வேறு கருவி, வேறு பயிற்சி. இன்றைய டிரக்கை எழுபது ஆண்டு கழித்து ஒரு தனிமனிதர் வீட்டில் புதுப்பிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மென்னெஃகும் அசட்டுத்தனத்தை மன்னிக்காது. ஒரு மீட்டர் எஃகு 100 டிகிரி செல்சியஸ் ஏறினால் 1.2 மில்லிமீட்டர் நீளும்; வெல்டிங் இடத்திலோ உலோகம் 1,500 டிகிரியை ஒட்டி உருகுகிறது. ஒரே இழுப்பாக ஓட்டினால் தகடு அப்பளம்போல் நெளியும் என்பதால்தான் ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி எட்ட அங்கே என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைக்கிறார்கள்.

துரு தகட்டோடு நின்றுவிடுவதில்லை, விளக்கையும் மங்கவைக்கிறது. 3100 தொடக்கத்தில் 6 வோல்ட் வண்டி. ‘ஆறு வோல்ட்டா, அதனால்தான் வெளிச்சம் இல்லை’ என்று சொல்லி முழு வண்டியையும் 12 வோல்ட்டுக்கு மாற்றுவார்கள். அதற்குமுன் சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 35 வாட் விளக்கு 6 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர் எடுக்கும். விளக்கு சேஸிஸோடு எர்த் ஆகும் இடத்தில் துரு சேர்ந்து 0.1 ஓம் மின்தடை உண்டானால் 0.6 வோல்ட் அங்கேயே வீணாகும், அதாவது பத்தில் ஒரு பங்கு. இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 அடுக்காக மாறுவதால் ஒளி 30 சதவீதம் குறைந்துபோகும். அதே துரு, அதே 35 வாட், 12 வோல்ட் வண்டியில் எட்டு சதவீத ஒளியைத்தான் விழுங்கும். ஆகவே 12 வோல்ட்டுக்கு மாறியதும் வெளிச்சம் கூடுவது உண்மை. ஆனால் குற்றவாளி வோல்ட் இல்லை, எர்த் போல்ட்டின் அடியில் இருக்கும் பழுப்புப் பொடி. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

இவ்வளவு மெனக்கெடுவானேன், பட்டறையில் கொடுத்து மணல் பீய்ச்சி முழுத் துருவையும் எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். சேஸிஸ் போன்ற தடித்த பாகங்களுக்கு அது நல்ல வழி. மெல்லிய தட்டைத் தகட்டில் துகள்கள் அறையும் அறையில் மேற்பரப்பு நீண்டு, பானெட் வளைந்துபோகும். மடிப்புக்குள் மணல் போவதுமில்லை, போனால் வருவதுமில்லை. வீட்டில் செய்வதால் உடம்புக்குக் கேடில்லையா என்பது இதைவிட நியாயமான கேள்வி. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ். உலர்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்ப்பதும், பிரேக் டிரம்மைத் திறந்து காற்றடித்து ஊதுவதும் கூடாது. நனைத்துத் துடைக்க வேண்டும், நல்ல முகக்கவசம் வேண்டும், குழந்தைகள் நடமாடும் இடமாக இருக்கக்கூடாது. இந்த நிபந்தனைகளுக்கு இடமில்லாத வீட்டில் இந்தப் பொழுதுபோக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

பாதுகாப்பு பற்றிய எதிர்ப்பை மறுக்க நான் முயலப்போவதில்லை. கெட்டித் தகடு காக்கும் என்ற நம்பிக்கையை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2009-இல் உடைத்துக் காட்டிவிட்டது. 1959 செவ்ரோலெ பெல் ஏர் காரையும் 2009 செவ்ரோலெ மலிபுவையும் அது நேருக்கு நேர் மோதவைத்தது. பழைய காரின் பயணியறை நசுங்கியது. புதியதில் அறை நின்றது. 3100-இல் பிரேக் ஒற்றைச் சுற்று, ஸ்டியரிங் தண்டு மடங்காத ஈட்டி; 1949-க்குப் பிந்தியவற்றில் பெட்ரோல் தொட்டி கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால். சீட் பெல்ட்டும் இரட்டைச் சுற்று பிரேக்கும் பொருத்துவது அசல்தன்மையைக் கெடுக்கும் என்று முணுமுணுப்பவர்கள் அருங்காட்சியகம் வைத்துக்கொள்ளட்டும். சாலையில் ஓட்டுகிறவர்கள் பொருத்தியே ஆக வேண்டும். புகை விஷயத்திலும் அப்படித்தான். கார்புரேட்டரும், வினையூக்கி மாற்றி இல்லாத புகைக்குழாயும் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் இன்றைய வண்டியைவிடப் பல மடங்கு நஞ்சு கக்கும். பழையதைக் காப்பது புது வண்டி செய்யும் செலவை மிச்சப்படுத்துகிறது என்ற வாதமும் இங்கே நிற்காது, ஏனென்றால் இதைப் புதுப்பிக்கிறவர் அன்றாட ஓட்டத்துக்கு இன்னொரு வண்டி வைத்திருப்பார். சூழலைச் சாட்சிக்கு இழுக்காமல், இது குறைவாக ஓட்டும் வண்டி என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

குறைவாக ஓடும் வண்டி என்பதால் மிச்சமுள்ள ஆயுளெல்லாம் அது நின்றுகொண்டே கழிக்கும். அதனால் பேச்சு மறுபடி தண்ணீருக்கே வருகிறது. கிளைக்கால் பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வீல் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சுத்தமான இரும்பின் துரு பெரிதும் மட்டுப்படும். பிளாஸ்டிக் உறையால் மூடிய வண்டியின் அடியிலோ மண்தரையின் ஆவி மேலேறிக் குளிர்ந்த தகட்டில் வியர்க்கும். வண்டி வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு காந்தம், ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் காட்டுகிறேன் என்று விற்பவர் சொன்னால், அது பிறகு ஆகட்டும் என்று சொல்லிவிட்டு முதலில் தரையில் படுத்துக் கேபினின் நான்கு தாங்கிகளைப் பாருங்கள். வாங்கிய பின் முதல் நாள் வேலையாக, கதவுகளின் அடியிலும் படிக்கு உள்ளேயும் இருக்கும் வடிகால் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்து, உலரவிட்டு, மடிப்புகளுக்குள் மெழுகெண்ணெய் பீய்ச்சுங்கள். பெயின்டின் நிறத்தை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.